உடம்புக்குள் முப்படை! தெரியுமா?

உங்கள் மூளையும் உங்கள் கால் நகமும் ஒரே வீட்டுப் பிள்ளைகள், தெரியுமா?

கருவான மூன்றாவது வாரத்துக்குப் போவோம். அப்போது நீங்கள் குண்டூசித் தலையைவிடச் சிறிய ஒரு தட்டு. அதில் இரண்டே அடுக்கு. 15, 16ஆம் நாள் வாக்கில் மேலடுக்கின் செல்கள் நடுக்கோட்டுக்கு நகர்ந்து, அங்கே முங்கி, உள்ளே இறங்கிப் புது அடுக்குப் போடுகின்றன. ஆயிற்று முப்படை: புறப்படை, நடுப்படை, அகப்படை! மூன்றுமே அந்த மேலடுக்கின் வாரிசுகள். பழைய கீழடுக்குக்கு உடம்பில் ஏறக்குறைய பங்கே கிடையாது. பாவம்!

ரீகாவில் பிறந்த கிறிஸ்டியன் பாண்டர் இந்த மூன்று அடுக்கை 1817இல் விவரித்தது எதை வைத்து என்கிறீர்கள்? கோழி முட்டை!

எந்தப் படை என்னவாகும் என்று தேர்வு நேரத்தில் குழம்புகிறதா? மூன்றே சொல்: உணர், ஓடு, உண். (இன மோனைகூடப் பொருந்திவிட்டது.) உணர்வது புறப்படை: மேல்தோல், முடி, நகம், மூளை, தண்டுவடம், விழித்திரை. ஓடுவது நடுப்படை: எலும்பு, தசை, இதயம், ஓயாமல் ஓடும் ரத்தம், சிறுநீரகத்தையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். உண்பது அகப்படை: குடலின் உட்பூச்சு, கல்லீரல், கணையம். நுரையீரல்? அதுவும் நான்காம் வாரத்தில் முன்குடலில் முளைத்த மொட்டுதான். காற்றை உண்கிறது என்று வையுங்கள். மதிப்பெண் போவது இரண்டு இடத்தில்: குடலைப் பிசையும் தசை நடுப்படை, இரைப்பைக்குப் பக்கத்திலேயே குடியிருக்கும் மண்ணீரலும் நடுப்படை!

உள்மூலம் பெரும்பாலும் வலிக்காமல் ரத்தத்தை மட்டும் காட்டும், வெளிமூலம் உயிரை வாங்கும். ஏன் தெரியுமா? ஆசனவாய்க்குள் ஒரு கோடு இருக்கிறது. அதற்கு மேலே அகப்படையின் பூச்சு, கீழே புறப்படையின் பூச்சு. கீழ்ப் பகுதிக்குத் தோலுக்கு வரும் அதே வகை நரம்புகள். எட்டு வாரக் கருவுக்குள் போட்ட எல்லைக்கோடு ஐம்பது வயதில் நாற்காலியில் உட்காரும்போது தெரிகிறது!

பட்டாணி அளவு பிட்யூட்டரிச் சுரப்பியின் முன்பாதி, வாயின் கூரையிலிருந்து மேலேறிப் போனது. பின்பாதி மூளையிலிருந்து கீழிறங்கி வந்தது. நடுவழியில் சந்தித்துக் குடித்தனம்!

பல்லிலும் இரண்டு வம்சம். எனாமல் புறப்படை, அதற்குள்ளே இருக்கும் டென்டின், நரம்பு முகடு என்ற அலைகுடிச் செல்கள் கட்டியது. புறப்படையில் பிறந்து உடம்பெங்கும் நடந்தே போய், முக எலும்புகளையும் தோலின் நிறமிச் செல்களையும்கூட உண்டாக்கும் இவற்றுக்கு 'நான்காம் படை' என்று பட்டம் தருவோர் உண்டு. ஐந்தாம் படை அல்ல, பயப்படாதீர்கள்.

என் ஓட்டு எதற்கு என்றால், செவிப்பறைக்கு. அதன் தடிமன் சுமார் 0.1 மில்லிமீட்டர். வெளிமுகம் புறப்படை, நடுவில் நார்த்திசு நடுப்படை, தொண்டைப் பக்கமிருந்து வந்த உள்முகம் அகப்படை! இதை யாராவது உங்களுக்கு வாய்விட்டு வாசித்துக் காட்டினால், முப்படையும் சேர்ந்தே அதிரும்.