தெளிந்த நீரில் மறைந்துள்ள தீங்கு

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் சிற்றூர்களில், சிரிக்கும்போது வாயைக் கையால் மறைத்துக்கொள்ளும் சிறுவர் உளர். அவர்கள் பற்களில் வெண்திட்டுகளும் பழுப்புக் கோடுகளும் காணப்படும். பல் துலக்காத சோம்பல் என்று பிள்ளைகளைக் கடிந்துகொள்வது பெரும் அநீதி. எவ்வளவு தேய்த்தாலும் அக்கறை நீங்காது. பல் உருவாகும் பருவத்திலேயே உள்ளே அமைந்துவிட்டது அது. குடிநீரில் மிகுந்துள்ள புளோரைடு என்னும் உப்பே அதற்குக் காரணம்.

கேடு பல்லோடு நிற்பதில்லை. ஆண்டுக்கணக்கில் அந்நீரைப் பருகுவோரின் எலும்பிலும் அது படிகிறது. கழுத்தும் முதுகும் விறைத்து, மூட்டுகள் மடங்காமல், உழைத்துப் பிழைப்பவர் முடங்கிப்போகின்றனர். அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்தில் இந்நோயைக் கண்டறிந்து, ஷார்ட் என்னும் மருத்துவரும் அவர்தம் துணைவரும் 1937இல் வெளியிட்டனர். முதிர்ந்த நிலையில் இதனைக் குணப்படுத்தும் மருந்து இல்லை.

ஆயினும் புளோரைடை முற்றிலும் நஞ்சென்று ஒதுக்கலாகாது. சிறிதளவு பற்சொத்தையைத் தடுக்கும். பற்பசையில் அதனைச் சேர்ப்பதும் இதன்பொருட்டே. லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்றதென்றும், வேறு நீர் கிட்டாவிடில் 1.5 வரை பொறுக்கலாமென்றும் இந்தியத் தர நிர்ணய அமைவனம் வரையறுத்துள்ளது.

இவ்வுப்பு பாறைகளிலிருந்து நீரில் கரைகிறது. ஆழ்துளைக் கிணறு ஆழமாகச் செல்லச் செல்ல, பாறையோடு நெடுங்காலம் ஒட்டிக் கிடந்த நீரே மேலே வருகிறது. மாராவில் இஸ்ரயேல் மக்களுக்கு நீரின் கசப்பை நாவே உணர்த்திற்று. இந்நீருக்கோ நிறமுமில்லை, கசப்புமில்லை. தெளிவாக இருப்பதால் நல்ல நீரென்று நம்பிவிடுகிறோம்.

தாய்மார் ஒன்றை மனத்திற்கொள்ள வேண்டும். கொதிக்கவைத்தால் கிருமிகள் மடியும்; புளோரைடு போகாது. நீர் ஆவியாகக் குறையும்போது, எஞ்சிய நீரில் அதன் செறிவு சற்றே கூடவும் செய்யும். துணியில் வடிகட்டுவதும் பயன்படாது.

காசு கொடுத்துக் கேன் தண்ணீர் வாங்குகிறோமே, அது போதாதா என்பர் சிலர். அடைத்து விற்கும் குடிநீரிலும் புளோரைடு 1 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது விதி. எதிர்ச் சவ்வூடு பரவல் முறையில் செம்மையாகச் சுத்திகரித்தால் பெரும்பகுதி நீங்கிவிடும். ஆனால் பெயரும் உரிம எண்ணும் இல்லாத கேனில் எந்தக் கிணற்று நீர் வருகிறதென்று யார் அறிவார்? மேலும், நாட்கூலி பெறும் குடும்பம் நாள்தோறும் தண்ணீரை விலைக்கு வாங்க இயலுமா? இக்கேள்வி எனக்கு உறுத்தலாகவே உள்ளது. காவிரி நீரை இவ்விரு மாவட்டங்களுக்கும் கொணரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஜப்பானிய கடனுதவியுடன் நிறைவேறி, 2013இல் தொடங்கிவைக்கப்பட்டதும் இதனாலேயே. பொதுக் குழாயில் நல்ல நீர் வருவதே ஏழைக்கு உண்மையான காப்பு.

தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வுக்கூடங்களில் நீரைச் சோதிக்கலாம். பங்கிலுள்ள இளைஞர், பள்ளிக் கிணற்றையும் தெருவின் ஆழ்துளைக் கிணற்றையும் முதலில் எடுத்துக்கொள்ளட்டும். அளவு மிகுந்திருந்தால், குடிக்கவும் சமைக்கவும் மட்டும் வேறு நீரைக் கொள்க. குளிக்கவும் துவைக்கவும் அந்நீரே போதும். எட்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும், புட்டிப்பால் கரைப்பதற்கும் நல்ல நீரை முதலில் ஒதுக்கிவைப்பது நலம்.