‘பவர்’ – ஒரு சொல், பல பொருள்

கல்லூரியில் புதிதாகச் சேர்ந்த மாணவர் ஒருவர் வகுப்பு முடிந்ததும் தயங்கித் தயங்கி என்னிடம் வந்தார். பள்ளியில் தமிழ் வழியில் பயின்றவர். “சார், கணக்கு வகுப்பில் இரண்டின் பவர் மூன்று என்கிறார்கள். நீங்கள் மோட்டாரின் பவர் என்கிறீர்கள். கண் டாக்டர் என் கண்ணாடியின் பவர் மைனஸ் இரண்டு என்றார். அகராதியிலோ ‘அதிகாரம்’ என்று போட்டிருக்கிறது. இவற்றில் எது சரி?” என்று கேட்டார்.

நான்கும் சரியே, ஆனால் நான்கும் ஒன்றல்ல. வாசகர்களே, இந்தச் சொல்லின் கதையைச் சற்றுப் பார்ப்போமா?

வேர் எது?

‘பவர்’ ஆங்கில மண்ணில் பிறந்த சொல் அன்று. ‘இயலுதல்’ என்னும் பொருளுடைய ‘பாசே’ என்ற லத்தீன் சொல்லே இதன் மூலம். அது பிரெஞ்சு மொழியில் உருமாறி, 1300-ஆம் ஆண்டை ஒட்டி ஆங்கிலத்துள் நுழைந்தது. ‘பாசிபிள்’, ‘பொட்டென்ஷியல்’ ஆகிய சொற்களும் அதே குடும்பத்தைச் சேர்ந்தவை. செய்ய இயன்றவனிடம் அதிகாரம் இருக்கும் அல்லவா? அகராதிப் பொருள் அவ்வாறு வந்ததே.

கணிதத்தில்

பண்டைய கிரேக்கக் கணித அறிஞர்கள் ஓர் எண்ணின் அல்லது கோட்டின் வர்க்கத்தை ‘டைனமிஸ்’ என்றனர். இதற்கும் ‘வல்லமை’ என்றே பொருள். (டைனமோ, டைனமைட் ஆகியவை இதன் வழி வந்த பெயர்கள்.) 1570-இல் யூக்ளிடின் நூல் ஹென்றி பில்லிங்ஸ்லியின் ஆங்கில மொழிபெயர்ப்பில் வெளிவந்தபோது ‘டைனமிஸ்’ என்பது ‘பவர்’ ஆயிற்று. தமிழிலோ இதற்கு ‘அடுக்கு’ என்ற அழகான சொல் உண்டு. பானைமேல் பானை அடுக்குவது போல, 2 × 2 × 2 என எண்ணை அடுக்குகிறோம். இங்கே அதிகாரமும் இல்லை, மின்சாரமும் இல்லை.

இயற்பியலில்

பழைய ஆங்கில நூல்களில் நெம்புகோல், கப்பி, சாய்தளம், ஆப்பு போன்ற எளிய இயந்திரங்களையே ‘பவர்கள்’ என்று குறித்தனர். விசை, ஆற்றல் ஆகியவற்றுக்கும் இச்சொல்லைத் தாராளமாகப் பயன்படுத்தினர். ஆக, இக்குழப்பம் தமிழ் மாணவருக்கு மட்டும் உரியதன்று!

இன்று இயற்பியலில் இதன் பொருள் ஒன்றே: வேலை நடைபெறும் வீதம். இதையே ‘திறன்’ என்கிறோம். 20 லிட்டர் நீரை 6 மீட்டர் உயரமுள்ள மாடிக்கு இருவர் தனித்தனியே தூக்குவதாகக் கொள்வோம். நீரின்மீது இருவரும் செய்யும் வேலை ஏறத்தாழ 1,200 ஜூல். ஒருவர் அதை 20 விநாடியிலும் மற்றவர் 60 விநாடியிலும் முடித்தால், முன்னவரின் திறன் 60 வாட். பின்னவருடையது 20 வாட். வேலை ஒன்றே, திறன் வேறு.

ஜேம்ஸ் வாட் தம் நீராவி எஞ்சினைக் குதிரையோடு ஒப்பிட்டுக் கணக்கிட்டார். ஒரு நிமிடத்தில் 33,000 பவுண்டு எடையை ஓர் அடி உயர்த்துவது ஒரு குதிரைத் திறன். இது சுமார் 746 வாட். இவர் பெயரையே திறனின் அலகுக்குச் சூட்டும்படி 1882-இல் வில்லியம் சீமென்ஸ் முன்மொழிந்தார்.

கண்ணாடியில்

லென்சின் திறன் என்பது ஒளியை வளைக்கும் அளவு. மீட்டரில் குறித்த குவியத் தொலைவின் தலைகீழ் மதிப்பு அது. இதன் அலகாகிய ‘டயாப்டர்’ 1872-இல் பிரெஞ்சு கண் மருத்துவர் மொனாயே வழங்கியது. நம் மாணவரின் கண்ணாடி அரை மீட்டர் குவியத் தொலைவுள்ள குழிலென்சு. ஆகவே மைனஸ் இரண்டு. ‘பவர் கூடிவிட்டது’ என்றால் பார்வை கூடியதாகப் பொருளல்ல. லென்சு ஒளியை மேலும் வளைக்க வேண்டியிருக்கிறது என்பதே பொருள்.

மின்கட்டணத்தில்

‘பவர் போய்விட்டது’ என்று நாம் சொல்வது மின்சாரத்தை. ஆனால் மீட்டரில் ஏறும் ‘யூனிட்’ திறனைக் குறிப்பதன்று, அது ஆற்றல். 100 வாட் பல்பு 10 மணி நேரம் எரிந்தாலும், 1,000 வாட் இஸ்திரிப் பெட்டி 1 மணி நேரம் ஓடினாலும் செலவு அதே ஒரு யூனிட்தான். திறனில் பத்து மடங்கு வேறுபாடு. ஆற்றலில் வேறுபாடே இல்லை. இதை அறியாதவர், வாட் எண்ணை மட்டும் பார்த்துப் பெட்டிக்கு அஞ்சுவார். இரவெல்லாம் எரியும் பல்பை மறந்துவிடுவார்.

அந்த மாணவருக்கு நான் சொன்ன வழி எளியது. ‘பவர்’ என்று யார் சொன்னாலும் ‘அலகு என்ன?’ என்று கேளுங்கள். வாட் என்றால் வேலையின் வீதம். டயாப்டர் என்றால் லென்சு. அலகே இல்லாத வெறும் எண் என்றால் அடுக்கு. பழகிய சொல் என்பதால் பொருள் தெரியும் என்று எண்ணிக் கடந்து போகிறவர் பலர். தமிழ் வழியில் வந்தவரோ நின்று கேட்டார். அந்தக் கேள்விக்காக அவர் தயங்கியிருக்கவே வேண்டியதில்லை.