கல்லாவுக்குப் பின்னால்

லண்டனின் தென்மேற்கில், மேர்ட்டன் கவுன்சிலுக்குள் இருக்கிறது மிச்சம் என்னும் பகுதி. அங்கும் பக்கத்து டூட்டிங்கிலும் உள்ள தமிழ்க் கடைகள் தாக்குப்பிடிப்பது விலையால் அல்ல, நேரத்தால் என்பது என் கணிப்பு. 1994-ஆம் ஆண்டின் ஞாயிறு வணிகச் சட்டப்படி, 280 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கடைகள் ஞாயிறன்று காலை 10 மணிக்கும் மாலை 6 மணிக்கும் இடையே தொடர்ந்து 6 மணி நேரமே திறந்திருக்கலாம். சின்னக் கடைக்கு அந்தத் தடை இல்லை. ஞாயிறு இரவு சமைக்கும்போது தேங்காய்ப்பால் தீர்ந்துபோனவருக்கு வேறு வழியும் இல்லை.

அந்த நேரம் வீட்டு ஆட்களின் கணக்கில் வராத உழைப்புதானே என்று கேட்கலாம். பல இடங்களில் உண்மைதான். ஆனால் பின்னறையில் நடப்பது வெறும் காவல் வேலை அல்ல. மீன் ரோல்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள். கேட்டபின் எடுத்துச் சுற்றிக் கொடுத்தால் ஒரு விதி. காலையிலேயே பொதி கட்டி அடுக்கினால் வேறு விதி. கடையிலேயே செய்து முன்கூட்டிப் பொதிந்தவற்றில், 2021 அக்டோபர் 1 முதல், சேர்மானங்கள் முழுதும் அச்சாக வேண்டும். ஒவ்வாமை தரும் 14 வகைகள் எடுப்பாகத் தெரிய வேண்டும். கோதுமை மா, முட்டை, மீன் என்று அந்த ஒரு ரோலிலேயே மூன்று. கடுகும் பட்டியலில் உண்டு (கடுகில்லாமல் நமக்கு ஏது தாளிதம்!). சிறு கடைக்கு இது வீண் சுமை என்ற முணுமுணுப்பை நான் ஏற்கமாட்டேன். வாங்குபவரின் உயிர் சம்பந்தப்பட்டது. பெரிய நிறுவனத்தில் இதற்கென்றே ஆட்கள் உண்டு. இங்கே கல்லாவில் நிற்பவரே சமையலறையில் விசாரித்து, லேபிள் அடித்து, ஒட்டவும் வேண்டும்.