நித்திரைக் குறைவும் நீங்காத களைப்பும்

மாணவர்களே, பரீட்சைக்கு மூன்று மாதம் இருக்கையில் வகுப்பில் நான் அதிகம் கேட்கும் முறைப்பாடு, "சேர், படிக்கிறது ஒண்டும் மண்டைக்குள்ள ஏறுதில்லை" என்பதாகும். எத்தனை மணிக்குப் படுக்கிறீர் என்று கேட்டால் ஒரு மணி, இரண்டு மணி என்று பெருமையோடு விடை வரும். காலை ஐந்தரைக்கு விசேட வகுப்பு. (அதனை வைப்பவர்கள் எம்மைப் போன்றோரே, இப்பிழையில் எமக்கும் பங்குண்டு.) ஆனால் 13 முதல் 18 வயது வரையானோருக்கு நாளொன்றுக்கு 8 முதல் 10 மணித்தியால நித்திரை தேவை.

இளவயதில் நித்திரை பிந்தி வருவதற்கு உடலியற் காரணமும் உண்டு. இருள் சூழும்போது மூளையிலுள்ள பீனியல் சுரப்பி மெலரோனின் எனும் ஓமோனைச் சுரக்கிறது. கட்டிளமைப் பருவத்தில் இச்சுரப்பு முன்னரிலும் பிந்தியே ஆரம்பிக்கும். கண்ணெதிரே கைத்தொலைபேசி வெளிச்சமும் இருந்தால் இன்னும் தாமதமாகும்.

விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் எனும் பதார்த்தம் சேர்ந்துகொண்டே போகும். அது தனக்குரிய வாங்கிகளிற் பொருந்தும்போது நித்திரை உணர்வு உண்டாகிறது. தேநீரிலும் கோப்பியிலும் உள்ள கஃபீன் அந்த வாங்கிகளிலே முந்திப் போய் இடம்பிடித்து விடுகிறது. இதனாற் களைப்பு தீர்வதில்லை. தெரியாமற் போகிறது, அவ்வளவே. அருந்திய கஃபீனில் பாதி நீங்கவே ஏறத்தாழ ஐந்து மணித்தியாலம் எடுக்கும். இரவு ஒன்பது மணிக்குக் குடித்த கோப்பியில் பாதி, அதிகாலை இரண்டு மணிக்கும் உடலில் இருக்கும்.

நித்திரையை வெட்டினால் படிப்புக்கு என்ன நட்டம்? 1924 இல் அமெரிக்காவில் ஜென்கின்ஸ், டலன்பக் ஆகிய இருவரும் ஒரு பரிசோதனை செய்தனர். பொருளற்ற அசைகளை மனனம் செய்தவர்கள் விழித்திருந்த பின்னரிலும் பார்க்க உறங்கியெழுந்த பின்னரே அவற்றைக் கூடுதலாக நினைவுகூர்ந்தனர். ஆழ்ந்த நித்திரை இரவின் முற்பகுதியிலும், கனவு காணும் நித்திரை விடியலை அண்டியும் அதிகம். இரண்டு மணிக்குப் படுத்து ஐந்து மணிக்கு எழுபவர் இந்தப் பிற்பகுதியில் பெரும்பங்கை இழக்கிறார்.

போதிய நித்திரை கொண்டும் களைப்பு நீங்காதவர்களும் உளர். சில வருடங்களுக்கு முன் எனது வகுப்பில் ஒரு மாணவி தினமும் மேசையில் தலை சாய்ப்பாள். சோம்பல் என்று ஏசினேன். பின்னர் அவளது தாயார் குருதிப் பரிசோதனை அறிக்கையைக் கொண்டுவந்து காட்டினார். ஈமோகுளோபின் 8 கிராம். அவ்வயதுப் பெண்பிள்ளைகளுக்கு டெசிலீற்றருக்கு 12 கிராமிலும் குறைந்தாலே குருதிச்சோகை. மன்னிப்பை அவளிடம் தனியே கேட்டேன். ஏசியதோ நாற்பது பேர் முன்னிலையில்.

இரும்புச்சத்துக் குறைவே இதற்குப் பொதுவான காரணம். சாப்பாட்டோடு பிளேன்ரீ குடித்தால் கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்பு அகத்துறிஞ்சப்படுவது குறையும். தேசிக்காய்ப் புளி சேர்த்தால் கூடும். தைரொயிட் சுரப்பிக் குறைபாடு, மனச்சோர்வு என்பனவும் களைப்பாகவே வெளித்தெரியலாம்.

நாட்பட்ட களைப்பு நோய் என ஒன்றும் உண்டு. ஆறு மாதத்துக்கு மேல் நீடிக்கும்; ஓய்வெடுத்தாலும் தீராது; சிறிது உழைத்தாலும் அடுத்த நாள் படுக்கையிற் போட்டுவிடும். இதனை உறுதிசெய்யத் தனியான குருதிப் பரிசோதனை இல்லாமையால் நோயாளியை நடிப்பவர் என்றே பலர் எண்ணுவர். இத்தகையோரை "முயன்று பார்" என உந்துவது கெடுதியாகும். 2021 இல் பிரித்தானிய மருத்துவ வழிகாட்டல், உடற்பயிற்சியைப் படிப்படியாகக் கூட்டும் சிகிச்சையை இவர்களுக்கு வழங்கக் கூடாது என்றது. படிப்பைச் சிறு துண்டுகளாக்கி, களைக்கு முன்னரே நிறுத்திவிட வேண்டும்.

பயிற்சி: படுத்த நேரம், எழுந்த நேரம், குடித்த தேநீர், பகலில் கண் சொருகிய வேளை ஆகியவற்றை இரண்டு வாரம் கொப்பியில் எழுதுக. நன்றாக உறங்கியும் களைப்பு மாறாவிட்டால், அக்கொப்பியுடன் அரசாங்க வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவுக்குச் செல்க. அங்கு கட்டணம் இல்லை.