கரும்புச் சக்கையும் நீராவியும்: காவிரிக் கரையில் தொழிலகக் கூட்டுவாழ்வு

திண்ணனூர் நாடு உள்ளிட்ட மலைநாடுகளைக் கொண்ட கொல்லிமலை, பெருந்தொழிலோடு தொடர்பற்ற நிலமன்று. இங்கு வெட்டப்பட்ட பாக்சைட்டு, மேட்டூரிலிருந்த மதராசு அலுமினிய ஆலைக்குச் சென்றது. எரிசோடாக் கரைசலில் பாக்சைட்டைக் கரைத்து அலுமினாவைப் பிரிக்கும் பேயர் முறையில், காரத்தன்மை மிக்க செஞ்சேறு எஞ்சுகிறது. ஓர் ஆலையின் கழிவு மற்றோர் ஆலையின் மூலப்பொருளாவதையே தொழிலகக் கூட்டுவாழ்வு என்பர். செஞ்சேறு அதற்கு எளிதில் உட்படாத பொருள். உலகெங்கும் அதன் பெரும்பகுதி குட்டைகளிலேயே தேக்கப்படுகிறது.

இதற்கு மாறான சான்று, மலைக்குத் தென்மேற்கே கரூர் மாவட்டக் காகிதபுரத்தில் உள்ளது. 1979இல் தொடங்கப்பெற்ற தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம், கரும்புச் சக்கையை முதன்மை மூலப்பொருளாகக் கொண்டு 1984இல் உற்பத்தியில் இறங்கியது. சர்க்கரை ஆலைக்குச் சக்கை கழிவன்று, கொதிகலனுக்கான எரிபொருள். ஆகவே அதனைப் பணங்கொடுத்து வாங்குவது மட்டும் போதவில்லை. சக்கைக்கு ஈடாக நீராவியோ மாற்று எரிபொருளோ வழங்கும் ஏற்பாடு செய்யப்பட்டது. சக்கையிலிருந்து நீக்கப்படும் சோறு காகிதத்திற்கு உதவாது. அது எரிபொருளாகப் பயன்படுகிறது. அரைவைப் பருவம் சில திங்களே நீடிப்பதால், ஆண்டு முழுமைக்குமான சக்கை நீர் தெளிக்கப்பட்டு ஈரக் குவியல்களாகக் காக்கப்படுகிறது. டென்மார்க்கின் காலுண்ட்போர்க்கில் அண்டை ஆலைகளைக் குழாய்கள் இணைக்கின்றன. இங்கோ தொலைவிலுள்ள ஆலைகளைப் பிணைப்பவை ஒப்பந்தங்களும் சரக்குந்துகளுமே.

பின்னர் வலை விரிந்தது. காகிதக்கூழ் ஆக்கத்தில் எஞ்சும் சுண்ணாம்புச் சேறும் கொதிகலன் சாம்பலும், ஆலை வளாகத்திலேயே நிறுவப்பட்ட சிமெண்டு ஆலைக்கு மூலப்பொருளாயின. தூய்மிக்கப்பட்ட கழிவுநீர் வயல்களுக்குப் பாய்ச்சப்படுகிறது. கரும்புக்கு நீராகச் சென்று சக்கையாகத் திரும்பும் இச்சுழற்சி கவர்ச்சியானதே. எனினும் நீரில் கரைந்த உப்புகள் மண்ணில் படியும் இயல்பின என்பதால், வடிகாலும் தொடர் மண்ணாய்வும் இன்றி இப்பாசனத்தைப் பயன் என்று மட்டும் கணக்கிடுதல் பொருந்தாது.

கணக்கின் மற்றொரு பக்கமும் உண்டு. சக்கை காகிதமாகும்போது மரம் மிஞ்சுகிறது. ஆனால் சர்க்கரை ஆலைக்கு ஈடாகச் செல்லும் எரிபொருள் நிலக்கரியாயின், புகையின் பொறுப்பு யாருடையது? இணைமின்னாக்கம் பரவியபின் சிக்கல் கூடியது. சக்கையை எரித்து மின்சாரம் விற்கவியலும் ஆலைக்கு, அதனைக் காகித ஆலைக்கு விடும் கட்டாயம் குறைந்தது. மின்விலை உயருந்தோறும் சக்கையின் மதிப்பும் உயர்கிறது; பழைய ஈட்டுவிகிதங்கள் அதற்கேற்ப மாற்றப்படாவிடில், உழவர் விளைவித்த அதே கரும்பு எந்த ஆலையின் கொதிகலனுக்கு அல்லது கூழ்த்தொட்டிக்குச் செல்லும் என்பதை மின்கட்டண ஆணைகளே முடிவு செய்யும்.