டிசம்பரில் எங்கள் வீட்டு அடுப்படி

டிசம்பர் 20 தாண்டிவிட்டால் புதுச்சேரியில் சாயங்காலம் வண்டியை வெளியே எடுக்க முடியாது. மிஷன் வீதியிலும் நேரு வீதியிலும் வெளியூர்க் கார்கள் ஊர்ந்துகொண்டிருக்கும். டிசம்பர் 31 இரவு, பழைய பிரெஞ்சுப் பகுதியான வெள்ளை நகரத்துக்குள் வெளியார் வாகனங்களுக்கு இடம் கிடையாது. அங்கே குடியிருப்பவர்கள்கூட பாஸ் காட்டித்தான் வீட்டுக்குப் போக வேண்டும். எங்கெங்கிருந்தோ ஜனங்கள் இங்கே விடுமுறை கொண்டாட வருகிறார்கள். நாங்கள் கொண்டாடுவது வீட்டுக்குள்தான்.

சம்பா கோவில் என்று நாங்கள் சொல்லும் மாதா கோவிலிலிருந்து கூப்பிடு தூரத்தில், திண்ணையும் முற்றமும் உள்ள பழைய வீடு எங்களுடையது. 1962 ஆகஸ்ட் 16 அன்று புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்த குடும்பங்கள் இங்கே நிறைய உண்டு. எங்கள் தாத்தா வழியிலும் அப்படித்தான். அதனால் பாதிச் சொந்தம் பிரான்ஸில். டிசம்பர் மாதம் தம்பி குடும்பம், சித்தப்பா பிள்ளைகள், அவர்களுடைய பிள்ளைகள் எல்லாரும் பெட்டிகளோடு வந்து இறங்குவார்கள். பல வருஷம் அந்த மகிழ்ச்சியின் முழுப் பாரமும் எங்கள் அம்மாவின் தோளில் இருந்தது. கிறிஸ்துமஸ் நடுச்சாமப் பூசைக்கு நாங்கள் எல்லாரும் புதுத்துணியோடு முன்வரிசையில் உட்கார்ந்திருப்போம். அம்மா கடைசி நேரத்தில் ஓடிவந்து வாசல் ஓரமாக நிற்பார்கள். பூசை முடிந்ததும் எங்களுக்கு முன்னால் வீட்டுக்கு ஓடுவதும் அவர்கள்தான்.

மத்திய அரசு 2019இல் நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வில் ஒரு கணக்கு வந்தது. சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்காக ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டார்கள். அதே வேலையில் கைகொடுக்கும் ஆண்கள் 97 நிமிடம். இது சாதாரண நாளின் கணக்கு. வீட்டில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடுதலாகத் தங்கும் பண்டிகை நாளில் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. பண்டிகைக் களைப்பு என்று பொதுவாகச் சொல்கிறோமே, அது வீட்டில் எல்லாருக்கும் சமமாக வருவதில்லை. ஒருவர் மேல்தான் விழுகிறது. அதனால் மூச்சுப் பயிற்சி, தியானம் என்று அவருக்கு யோசனை சொல்வதைவிட, அவர் கையில் இருக்கும் கரண்டியை வாங்குவதுதான் முதல் மருந்து என்று நான் நம்புகிறேன்.

எங்கள் வீட்டில் அந்தக் கரண்டி கைமாறியது ‘தானே’ புயலில். 2011 டிசம்பர் 30 விடிகாலை அது கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்தது. ஊரில் பெரிய பெரிய மரங்களெல்லாம் வேரோடு சாய்ந்தன. நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. மோட்டார் ஓடாததால் தண்ணீர் இல்லை, மிக்சி இல்லை, ஃபிரிட்ஜில் இருந்த கறியும் மீனும் அன்றைக்கே சமைத்தாக வேண்டும். தம்பியும் மாமாவும் அடிபம்பிலிருந்து குடம் குடமாகச் சுமந்தார்கள். அம்மியில் மிளகாய் அரைத்தவன், அதுவரை தட்டைக்கூடக் கழுவாத என் சித்தப்பா மகன். அம்மா முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, “உப்பு போதும்டா, நிறுத்து” என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். வெளியே பலர் வீடு வாசலை இழந்து நின்ற நாள்கள் அவை. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் தரையோடு போயின. அந்தத் துயரத்துக்கு நடுவே எங்கள் வீட்டு ஆண்களுக்கு அடுப்படி பழக்கமானது. மின்சாரம் திரும்பிய பிறகும் அதை விட்டுவிடக்கூடாது என்று நானும் அண்ணியும் உறுதியாக நின்றோம்.

இப்போது வேலையை ஒரே நாளில் குவிப்பதில்லை. டிசம்பர் 8 சம்பா கோவில் திருவிழா முடிந்த கையோடு விவிக்கம் கேக் ஆரம்பித்துவிடும். வெண்ணெயில் வறுத்த ரவை, முட்டை, முந்திரி, ரம்மில் ஊறிய திராட்சை சேர்ந்த எங்கள் ஊர் கேக் இது. ரம் இருப்பதால் வாரக்கணக்கில் கெடாது. எனவே அதை 23ஆம் தேதி ராத்திரி கண்விழித்துச் செய்ய ஒரு காரணமும் இல்லை. குடில் பிள்ளைகள் பொறுப்பு. பத்து நாள் முன்னாலேயே தட்டில் மண் போட்டுக் கேழ்வரகு தூவிவிடுகிறார்கள். பண்டிகைக்குள் பச்சைப் புல்வெளி தயார். பூசை முடிந்து வந்து சாப்பிட ராகு என்னும் ஆட்டுக்கறிக் குழம்பு, ரொட்டி, அவ்வளவுதான். ராகு மத்தியானமே ஆகிவிடும். இரவில் சூடாக்கினால் போதும், ருசியும் கூடுகிறது. 25 மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிரியாணி வெளியிலிருந்து வருகிறது. முதல் வருஷம் அம்மாவுக்கு இது பிடிக்கவில்லை. அக்கம்பக்கத்துக்குத் தட்டு அனுப்பும்போது வீட்டில் செய்த அதிரசமும் முறுக்கும் இருக்க வேண்டும் என்றார்கள். அது நியாயம். அதை மட்டும் வைத்துக்கொண்டோம். பொங்கலுக்கும் ரம்ஜானுக்கும் அந்தத் தட்டு நிறைந்து திரும்பி வரும் வீடுகள் அவை.

26 காலை எங்கள் வீட்டில் பாட்டு ஓடாது. 2004இல் அதே நாளில் சுனாமி வந்து இந்தக் கரையோரக் குப்பங்களில் எத்தனையோ பேரைக் கொண்டுபோனது. வருஷா வருஷம் அந்த நாளில் மீனவர்கள் கடலில் பால் ஊற்றி அஞ்சலி செலுத்துகிறார்கள். விடியற்காலையில் கடற்கரைச் சாலையில் வண்டி கிடையாது; காந்தி சிலை வரை எல்லாருமாக நடந்துபோய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வருவோம். பிரான்ஸில் பிறந்த பிள்ளைகள் அங்கேதான் அந்தக் கதையை முதலில் கேட்டார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், பலர் சொல்லக் கூச்சப்படுவது. குடும்பம் கூடும் இடத்தில் சொத்துப் பேச்சு வரும். பழைய வீடு, பங்குதாரர்கள் பாதிப் பேர் வெளிநாட்டில், கூரை ஒழுகுகிறது, செலவு யார் செய்வது? முன்பெல்லாம் இந்தப் பேச்சு கிறிஸ்துமஸ் விருந்தின் நடுவில் கிளம்பி, யாராவது ஒருவர் எழுந்து போவதில் முடியும். இப்போது 28ஆம் தேதி காலை என்று நாள் குறித்துவிட்டோம். பத்திரங்கள், ரசீதுகள் மேசைமேல் இருக்கும். பெண்களும் உட்கார்ந்து பேசுவோம். மற்ற நாள்களில் யாராவது ஆரம்பித்தால், “இருபத்தெட்டாம் தேதிக்கு வை, மாமா” என்று சின்னப் பிள்ளைகளே சொல்கிறார்கள். எல்லாம் தீர்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். மேல்மாடி ஓடு இன்னும் மாற்றப்படவில்லை. ஆனால் விருந்துச் சாப்பாடு நிம்மதியாக இறங்குகிறது.

இந்த வருஷம் ராகு தம்பி மகன் பொறுப்பு. ஆட்டுக்கறியை எலும்போடு வாங்குவதா, எலும்பில்லாமலா என்று அத்தையிடம் கேட்க நவம்பரிலேயே போன் செய்துவிட்டான். எலும்போடு என்று சொல்லியிருக்கிறேன்.