மறுபடி திறந்த உலகம்

2013-ஆம் வருஷம் பிப்ரவரி மாதத்தில், இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரத்திலுள்ள ஜாஜெக்ஸ் என்னும் கணினி விளையாட்டு நிறுவனம், தான் இடைவிடாது மெருகேற்றி விஸ்தரித்து வந்த ‘ரூன்ஸ்கேப்’ உலகத்தை, 2007 ஆகஸ்டில் அது இருந்த கோலத்திலேயே, கரடுமுரடான சித்திரங்களும் குறைகளும் சற்றும் மாறாமல், சேமித்து வைத்திருந்த பழைய பிரதி ஒன்றிலிருந்து மீட்டுத் திறந்து வைக்கலாமா என்று ஆட்டக்காரர்களிடமே கேட்டது. ஏறக்குறைய நாலரை லட்சம் வாக்குகள் விழுந்தன. அதே மாதம் 22-ஆம் தேதி ‘ஓல்டு ஸ்கூல் ரூன்ஸ்கேப்’ பிறந்தது. முந்தைய நவம்பரில் போர்முறையை அடியோடு மாற்றியதால் கசப்புற்றிருந்த பழைய ரசிகர்கள் திரண்டு வந்ததில் அதிசயமில்லை; பால்யகாலத்து ஏக்கம் மனிதரை எங்கேயும் இழுத்துச் செல்லும். ஆனால் ஏக்கம் சில மாதங்களுக்குத்தான் தாங்கும். பத்து வருஷங்களுக்கு மேலாகியும் அவ்வுலகில் ஜனநெருக்கம் குறையாததற்கு வேறு காரணம் இருந்தாக வேண்டும்.

பலர் ஒரே காலத்தில் ஓர் உலகில் வேடந்தரித்து உலவும் இவ்வகை விளையாட்டின் ஆதி, எஸெக்ஸ் பல்கலைக்கழகத்து மாணவர்களான ராய் டிரப்ஷாவும் ரிச்சர்டு பார்ட்டிலும் 1978-இல் தொடங்கி உருவாக்கிய ‘மட்’. அதில் படமே கிடையாது, எல்லாம் எழுத்துத்தான். ஆண்ட்ரூ கோவர், பால் கோவர் என்னும் சகோதரர்கள் 2001 ஜனவரியில் வெளியிட்ட ரூன்ஸ்கேப், இணைய உலாவியிலேயே ஓடியதனால், விலையுயர்ந்த கணினி வாய்க்காத பிள்ளைகளுக்கும் எட்டிற்று.

புதிதாய் வருபவன் சாதாரணமாக மேற்கொள்ளும் முதற்பணிகளில் ஒன்று, லம்பிரிட்ஜ் கோட்டையின் சமையற்காரனுக்கு ஒத்தாசை செய்வது. கோமகனின் பிறந்தநாள் கேக்குக்கு முட்டையும் பாலும் மாவும் வேண்டுமாம். மாவுக்கோ, வயலில் கோதுமையைப் பறித்து, காற்றாலையின் மேல்தளத்துக்கு ஏறித் தொட்டியில் போட்டு, விசையை இயக்கிவிட்டு, பின்பு கீழே இறங்கிப் பானையில் அள்ள வேண்டும். வீராதி வீரனாக வேண்டுமென்று வாளோடு வந்தவனை மாவு அரைக்க அனுப்புகிற இந்தக் குறும்பில்தான் இவ்விளையாட்டின் சுபாவம் முழுவதும் இருக்கிறது என்பது என் எண்ணம். மீன் பிடித்தல், கொல்லுவேலை, மரம் வெட்டுதல், பயிர்த்தொழில் என்று அங்கே 2007-இல் இருந்த திறமைகள் 23. அவற்றில் ஒன்றும் தனித்து நிற்பதில்லை.

அடியில் ஓடும் யந்திரமோ மிக எளியது. நிறுவனத்தின் சர்வர், 0.6 வினாடிக்கு ஒரு முறை, அனைவருடைய செயல்களையும் ஒன்றாக எடுத்து நிறைவேற்றுகிறது. இதை ‘டிக்’ என்பார்கள். நடப்பவன் ஒரு டிக்குக்கு ஒரு கட்டமும் ஓடுபவன் இரண்டு கட்டமும் நகருகிறான். வாள் வீச்சுக்கும் இத்தனை டிக் என்று கணக்குண்டு. இந்தக் காலப்பிரமாணம், தாளம் பிடிபட்ட மிருதங்க வித்துவானுக்கு அக்ஷர இடைவெளியே சூக்ஷ்மங்களின் களமாகிவிடுவதுபோல, கைதேர்ந்த ஆட்டக்காரனுக்குப் புதிய வித்தைகளுக்கு இடங்கொடுக்கிறது. பகைவனின் அடியைத் தடுக்கும் பிரார்த்தனையை இயக்கினால் அதன் சக்தி கரைந்துகொண்டே போகும். ஆனால் ஒவ்வொரு டிக்கிலும் அணைத்து உடனே ஏற்றத் தெரிந்தவனுக்குக் காவலும் கிடைக்கிறது, சக்தியும் செலவாவதில்லை.

அவ்வளவு லாகவம் இல்லாதவன், சக்தியை மீட்கும் மருந்தை நாட வேண்டும். 2014-இல் வந்த ‘அயர்ன்மேன்’ முறையை விரும்பி ஏற்பவர்கள் பிறரோடு கொடுக்கல் வாங்கல் செய்யக்கூடாது. அப்படிப்பட்டவன் அந்த ஒரு குப்பி மருந்துக்காக, தலைமைக் குடியானவனின் மடியிலிருந்து விதையைத் திருடி, அதை விதைத்து, நிஜக் கடிகாரத்தில் 80 நிமிஷம் காத்திருந்து, மூலிகையைப் பறித்துச் சுத்தம் செய்து, கடலோரத்தில் ஒருவகைப் புல்லைத் தேடிச் சேர்த்துக் காய்ச்சுகிறான். சந்தையில் காசு கொடுத்து வாங்கியிருந்தால் கவனிக்காமலே போயிருக்கக்கூடிய இத்தனை தொழில்களின் பிணைப்பு, சந்தையை மறுத்த பிறகே அவன் கண்ணில் படுகிறது.

பொறுமையைச் சோதிக்கும் கணக்கு ஒன்றும் உண்டு. ஒரு திறமையில் முதல் படியிலிருந்து இரண்டாம் படிக்கு ஏற 83 புள்ளி போதும். 98-இலிருந்து 99-க்கு 12,28,825 வேண்டும். ஏழு படிக்கு ஒரு தரம் தேவை ஏறக்குறைய இரட்டிப்பாகிறபடியால், 92-ஆம் படியை அடைந்தவன் மொத்த வழியில் பாதியைத்தான் கடந்திருக்கிறான். இதைக் கொடுமை என்பாரும் உண்டு; மரம் வெட்டிக்கொண்டே பக்கத்தில் நிற்பவனோடு ஊர்க்கதை பேசப் பழகியவர்கள் அப்படிச் சொல்வதில்லை.

புதிதாக எதைச் சேர்ப்பதானாலும் பெரும்பாலும் ஆட்டக்காரர்களின் வாக்கைப் பெறவேண்டும் என்ற வழக்கம் ஏற்பட்டுவிட்டது. நூற்றுக்கு 75 பேர் சம்மதிக்க வேண்டுமென்றிருந்த விதி 2022-இல் 70 ஆகத் தளர்ந்தது. கப்பலோட்டுவதைத் தனித் திறமையாக்கும் யோசனை 2015-இல் வாக்கில் தோற்று, 2023-இல் மறுபடி எழுந்து ஜயித்து, 2025 நவம்பரில் இருபத்து நான்காவது திறமையாக நடைமுறைக்கு வந்தது. அதிலும் எல்லோரும் ஒன்றாம் படியிலிருந்துதான் தொடங்க வேண்டியிருந்தது.